ஏழாவது வரி

ஆறாவது மாடியில் எங்கள் கூட்ட அறைக்கு வெளியே ஒரு மர பெஞ்சு கிடக்கிறது. பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய். எதிரே காசு போட்டால் உப்பு பிஸ்கட் தள்ளும் இயந்திரம். அக்டோபர் மாதத்தில் அந்தப் பக்கம் போனால், யாராவது ஒரு பெரிய அதிகாரி அந்த பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் அது தண்டனை இல்லை. உள்ளே அவர் சம்பந்தப்பட்ட விஷயம் பேசுகிறார்கள், அதனால் நாகரிகமாக வெளியே வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்து நுரையீரலைத் தொலைத்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுப்பதுதான் எங்கள் நிர்வாகத்தின் வேலை. தலைமை வாஷிங்டனில். கீழே ஆறு வட்டாரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் இயக்குநர். நான் தலைமையில் புள்ளிவிவரப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வெர்னா கோம்ப்ஸ். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அதில் கடைசி ஒன்பது வருஷம் மதிப்பீட்டுக் குழுவிலும் இருக்கிறேன்.

அந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் பலருக்குக் கொட்டாவி வரும். எனக்கு வராது. மேல்நிலை அதிகாரிகளுக்கு வருஷ முடிவில் (அரசாங்கக் கணக்கில் அது செப்டம்பர்) ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதலில் அவரவர் மேலதிகாரி போடுவார். மூன்று வாங்கினால் கைகுலுக்கல் மட்டும். ஐந்து வாங்கினால் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை போனஸ். தன் ஆளுக்குத் தானே அள்ளிக் கொடுக்கக் கூடாது அல்லவா? அதற்காகத்தான் ஐந்து பேர் கொண்ட எங்கள் குழு. அந்த மதிப்பெண் நியாயமா என்று பார்த்துக் கைதூக்குவோம். மூன்று கை எதிராக எழுந்தால் மதிப்பெண் விழும். ஒருவர் வெளியே போய் மீதி நாலு பேர் இரண்டுக்கு இரண்டு என்று நின்றுவிட்டால், மேலதிகாரி போட்டதே நிற்கும். கடைசியாகச் சொன்ன இந்தச் சின்ன விதியை நினைவில் வையுங்கள்.

இயக்குநர்களை அளக்க ஓர் எண் உண்டு. நூற்றிருபது நாளுக்கு மேல் முடிவு சொல்லப்படாமல் கிடக்கும் விண்ணப்பங்கள் எத்தனை? அந்த எண் குறையக் குறைய மதிப்பெண் ஏறும். எண்ணை வடிவமைத்தவள் நான்தான். எளிமையாக இருக்கிறது என்று அப்போது எல்லோரும் பாராட்டினார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின ஆகஸ்டில் கென்டக்கிக்குப் போனேன். அங்கே மலைக்குள் ஒரு பள்ளத்தாக்கில் என் அண்ணன் ஆர்லிஸ் தனியாக இருந்தார். முப்பத்தொரு வருஷம் பாதாளத்தில் கரி வெட்டியவர். மனைவி விட்டுப் போய் வெகுகாலம், பிள்ளை கிடையாது. மூக்கில் எப்போதும் பிராணவாயுக் குழாய். ஐம்பதடி நீளம். படுக்கையறை, சமையலறை, முன்வாசல் வரை எட்டும். தபால்பெட்டி சாலை ஓரத்தில் எழுபதடி தள்ளி இருந்தது.

"போயி அந்தப் பொட்டிய பாரு தங்கச்சி. உங்க ஆபீஸ்லேர்ந்து காதல் கடுதாசி ஏதாச்சும் வந்திருக்கும்" என்றார்.

வந்திருந்தது. ஏற்கெனவே வந்த இரண்டு குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தன. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் படித்தேன். முதல் கடிதம்: மூச்சுப் பரிசோதனை அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் மருத்துவர் தேதி போடவில்லை, விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. இரண்டாவது: மருத்துவரின் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது, திருப்பி அனுப்பப்படுகிறது. மூன்றாவது: படிவம் பழைய பதிப்பு.

"பழைய பதிப்பா? அவங்க அனுப்புன படிவம்தானே அது" என்றார் அண்ணன். சிரிக்க ஆரம்பித்தார், இருமலில் போய் முடிந்தது. கருப்பாகத் துப்பினார். நான் தலையைத் திருப்பிக்கொண்டு கடிதங்களின் தேதியைப் பார்த்தேன். எனக்கு அந்தப் பழக்கம். ஒவ்வொரு விண்ணப்பமும் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினேன். முதலாவதை நூற்றுப் பதினேழாவது நாளில் திருப்பியிருந்தார்கள். அடுத்தது நூற்றுப் பதினைந்தில். அதற்கடுத்தது நூற்றுப் பதினெட்டில்.

விண்ணப்பம் திருப்பப்பட்டால் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். சரிசெய்து மறுபடி அனுப்பினால் புது எண், புதுத் தேதி. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும். உதவித்தொகை விண்ணப்பத் தேதியிலிருந்துதான் சேரும் என்பதால் போன மாதங்கள் போனவைதான். அதைவிடப் பெரிய விஷயம், வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார்கள். ஐம்பதடிக் குழாயோடு இருப்பவர்களுக்கு வரிசை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

வாஷிங்டன் திரும்பியதும் அந்த வட்டாரத்தின் தரவை எடுத்து வரைபடம் போட்டேன். எந்த நாளில் எத்தனை விண்ணப்பம் திருப்பப்பட்டது? குறையுள்ள படிவத்தை வந்த வாரத்திலேயே திருப்பலாம், பத்தாம் நாளில் திருப்பலாம், எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம். கோடு அங்கங்கே ஏறி இறங்க வேண்டும். இந்தக் கோடு நூறு நாள் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நூற்றைந்தாவது நாளில் சுவர் மாதிரி எழுந்து, நூற்றிருபதில் செத்து விழுந்தது. ஒரு வருஷத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது பேர். என்னை மீறி ஒரு கணம், எவ்வளவு சுத்தமான படம் என்று தோன்றியது. பிறகுதான் அந்தச் சுவரில் அண்ணனின் மூன்று தேதிகளைத் தேடினேன்.

அந்த வட்டாரத்தின் இயக்குநர் கென்ட் ஹாலோவெல். ஆறு வட்டாரங்களிலும் அவருடைய எண்தான் சிறந்தது. மேலதிகாரி ஐந்து போட்டிருந்தார். முப்பத்து நாலாயிரம் டாலர் போனஸ்.

அந்த டாலர் எனக்குப் பெரிதில்லை. குழுவின் விதியில் ஒரு பிரிவு இருந்தது. ஓர் இயக்குநரின் எண்ணைக் குழு ஏற்க மறுத்தால், அதை மறுபடி எண்ண வேண்டும். திருப்பப்பட்டு இன்னும் முடிவாகாமல் இருக்கும் விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் பழைய தேதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எண்ண வேண்டும். ஆக, குழுவில் மூன்று கை எழுந்தால் போதும், அத்தனை பேரும் வரிசையில் தங்கள் இடத்துக்குத் திரும்புவார்கள். ஆர்லிஸும்தான்.

அந்த "ஆர்லிஸும்தான்" என்பதுதான் சிக்கல்.

கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் ஏழாவது வரி: உங்கள் குடும்பத்தார் எவரேனும், மதிப்பிடப்படும் அதிகாரியின் அலுவலகத்தில் முடிவுக்காகக் காத்திருக்கிறாரா? இந்த வரியைச் சேர்க்க வைத்ததும் நான்தான். நான் குழுவுக்கு வந்த புதிதில், ஓர் உறுப்பினர் தன் மாமனாரின் கோப்பை முடித்துக் கொடுத்த இயக்குநருக்கு ஐந்து போடச் சொல்லிக் கைதூக்கினார். ஊரே சிரித்தது. மறுவருஷம் நான் இந்த வரியை எழுதிக் கொடுத்தேன்.

குழுவில் ஐரா ஃபெல்ட்மன் என் பழைய நண்பர். சட்டப் பிரிவு. கீழ்த்தளச் சாப்பாட்டு அறையில் வான்கோழி சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே என் படிவத்தைப் பார்த்தார்.

"ஆமான்னு போட்டிருக்கே."

"ஆமாதானே?"

"உன் பேரு கோம்ப்ஸ். உங்க அண்ணன் பேரு ஸ்டிதம். கடவுளே வந்து தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது."

"எனக்குத் தெரியுமே, ஐரா."

"சரி, நான் ரெண்டாங்கிளாஸ் கணக்கு சொல்றேன், கேளு. ஹாலோவெல் விஷயத்துல நான் உன் பக்கம். நம்ம மருத்துவப் பிரிவு ஆளும் உன் பக்கம். நீ உள்ள இருந்தா மூணு. பெஞ்சுல போயி உக்காந்தா ரெண்டு. ரெண்டுக்கு ரெண்டுன்னா என்னாகும்?"

"மேலதிகாரி போட்டது நிக்கும்."

"அப்புறம்?"

"என் கை இல்லாட்டியும் அந்தப் படம் மேஜை மேல இருக்கும். அத வேற மாதிரி படிக்கவே முடியாது. அந்தப் பக்கம் இருக்கறவங்கள்ல ஒருத்தராவது மாறுவாங்க. காகிதம் பேசும்."

ஐரா சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். "வெர்னா, நீ நல்லவ. ஆனா காகிதம் பேசும்னு இந்தக் கட்டடத்துல நம்புற ஒரே ஆளு நீதான்."

படிவத்தை அப்படியே கொடுத்தேன்.

அன்றைக்கு மழை. குழுத் தலைவர் லெனோர் ப்ரூயிட் எப்போதும்போலக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பட்டியலை வாசித்தார். மோசமானவர் இல்லை. விதியைத் தாண்டி ஓர் அங்குலம்கூட நகராதவர், அவ்வளவுதான். அந்த வகையில் என் ஜாதிதான் அவரும். ஹாலோவெல் பெயர் வந்ததும் என்னைப் பார்த்தார்.

"வெர்னா, ஏழாவது வரியில ஆமான்னு எழுதியிருக்கீங்க. ரொம்ப நன்றி. கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

எழுந்தேன். வரைபடமும், விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய நாற்பது கடிதங்களின் நகலும் என் இடத்தில் உறையில் இருந்தன. உறையை மேஜை நடுவே தள்ளிவைத்தேன்.

"இது என்னது?"

"ஹாலோவெல்லோட எண் பத்தின தரவு. குழு பார்க்கணும்."

லெனோர் உறையைத் திறக்கவில்லை. இரண்டு விரலால் தொட்டு என் பக்கமே தள்ளினார். "சம்பந்தம் இருக்குன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. சம்பந்தம் உள்ளவங்க கொண்டு வந்த காகிதத்தை நான் எப்படி மேஜையில வைக்க முடியும்? நீங்க வெளிய போனா இதுவும் வெளிய போகணும் இல்லையா?"

ஐரா, "தரவு ஆபீசோடது, அவங்களோடது இல்ல. யாரு வேணா எடுத்திருக்கலாம்" என்றார்.

"அப்ப யாராவது எடுத்திருக்கணும். எடுத்தது இவங்கதானே" என்றார் லெனோர்.

அவர் சொன்னது சரிதான். உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேறு வழி ஒன்று இருந்தது எனக்கு ஏன் முன்பே தெரியவில்லை? ஒரு வாரம் முன்னால் அந்த உறையை ஐராவிடம் கொடுத்து, அவர் பெயரில் தரவு கேட்டு வாங்கியிருந்தால் முடிந்தது. ஒவ்வொரு பல்சக்கரத்தையும் தனித்தனியாக அறிந்தவள், எது எதைச் சுழற்றும் என்று பார்க்காமல் விட்டேன்.

பெஞ்சில் பதினோரு நிமிஷம். எதிரே இயந்திரத்தில் ஒரு பொட்டலம் கம்பிச்சுருளில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ காசு போட்டு விழாமல் போனது. கதவு திறந்து ஐரா தலையை நீட்டினார். இரண்டு விரலைக் காட்டினார், மற்றக் கையிலும் இரண்டு விரல்.

அன்று மாலை அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். விவரம் எதுவும் சொல்லக் கூடாது என்பது விதி. கூட்டம் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

"என்ன தங்கச்சி, பெரிய ஆளுங்களுக்குப் பரிசு குடுத்து முடிச்சாச்சா?"

"முடிஞ்சுது. நான் உள்ள இல்லண்ணே. வெளிய உக்கார வச்சுட்டாங்க."

"ஏன், பக்கத்துல இருக்கறவன கிள்ளினியா?"

"நீ என் அண்ணன்ங்கறதுக்காக."

பிராணவாயு இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார்.

"அவங்களா கண்டுபிடிச்சாங்களா?"

"நானே எழுதிக் குடுத்தேன்."

"குடுத்திருப்ப. குடுக்காம இருப்பியா? சர்ச்சுல பிங்கோ நம்பர் ஆட்டத்துல ஜெயிச்ச பன்னித்தொடைய, நம்பர தப்பா கூப்பிட்டீங்கன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தவதானே நீ. பத்து வயசுல. அன்னிக்கும் வீட்டுல பீன்ஸும் சோளரொட்டியும்தான்."

"மன்னிச்சிருண்ணே."

"பன்னித்தொடைக்கா, இதுக்கா?" என்றார். பிறகு கொஞ்சம் இளைப்பாறி, "அந்தக் கைநாட்டு டாக்டர நாளைக்குப் புதுப் படிவத்துல கட்டத்துக்குள்ள கையெழுத்துப் போட வச்சு மறுபடி அனுப்புறேன். போ, போயி சாப்பிடு" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. முறைகேடு பற்றிப் புகார் சொல்ல ஒரு தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கு எழுதினேன். இது மதிப்பீட்டுக் குழுவின் வரம்புக்குள் வரும் விஷயம் என்று பதில் வந்தது. போனஸ் பட்டியல் முழுவதும் போய்ச் சேரும் மேற்பார்வை அலுவலகம் ஒன்றும் இருக்கிறது. குழுக்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது அவர்கள் வேலை. எல்லாப் படிவமும் இருக்கிறதா, கையெழுத்து கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஜனவரியில் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் குழுவில் ஓர் உறுப்பினர் தன் குடும்பத் தொடர்பைத் தானாக அறிவித்து விலகியது முன்மாதிரி என்றும், அடுத்த பயிற்சி வகுப்பில் பெயர் சொல்லாமல் உதாரணமாகக் காட்டப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். லெனோர் அதை நகலெடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மேலே பென்சிலால் "வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் செய்யத் தெரியாது.

மார்ச் ஒன்பதாம் தேதி ஆர்லிஸ் இறந்தார். முன்வாசலில், நாற்காலியில். குழாய் முழு நீளத்துக்கும் இழுபட்டிருந்தது என்று தபால் கொண்டு வந்த பெண் சொன்னாள். மலைச்சரிவில் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். சர்ச்சில் பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறினார்கள். பன்றித்தொடையும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அவர் பெயருக்குக் கடைசிக் கடிதம். விண்ணப்பதாரர் காலமானதாலும், சார்ந்தவர் யாரும் இல்லாததாலும், விண்ணப்பம் முடித்து வைக்கப்படுகிறது. தேதி பார்த்தேன். நான்காவது முறை அனுப்பியதிலிருந்து நூற்று முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது, ஆனால் இறந்த நாளோடு கணக்கு நிற்கும் என்பதால் நூற்றிருபதுக்குள். எங்கள் பட்டியலில் இரண்டே நிரல்: நிலுவை, முடிந்தது. ஆர்லிஸ் ஹாலோவெல்லின் முடிந்த பட்டியலில் சேர்ந்தார். குறித்த காலத்தில் முடிந்தது. அந்த நிரலை வகுத்ததும் நான்தான். இறப்புக்குத் தனி நிரல் போட வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அக்டோபர் வந்தது. படிவம் வந்தது. ஏழாவது வரி. குடும்பத்தார் எவரேனும் காத்திருக்கிறாரா?

இல்லை என்று எழுதினேன்.

ஹாலோவெல்லின் எண் முந்தின வருஷத்தைவிட நன்றாக இருந்தது. மேலதிகாரி மறுபடி ஐந்து. லெனோர் பெயரை வாசித்துவிட்டு, பழக்கத்தில் என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"வெர்னா, நான்... தெரியாது. வருத்தமா இருக்கு."

"நன்றி."

"அப்ப நீங்க இருக்கலாம்."

"இருக்கேன்."

உறையைத் திறந்து படத்தை மேஜை நடுவே வைத்தேன். இந்த முறை யாரும் தள்ளவில்லை. நூறு நாள் தரையில் படுத்த கோடு, பிறகு சுவர். எப்படிப் படிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினேன். அதில் நான் கெட்டிக்காரி. நிதிப் பிரிவுத் தலைவர் கேள்வி கேட்டார், பதில் சொன்னேன். லெனோர் கேட்கவில்லை. கைதூக்கச் சொன்னார். ஐரா, மருத்துவப் பிரிவு, நான். மூன்று. லெனோரின் கை கடைசிவரை மேஜையிலேயே இருந்தது. மதிப்பெண் மூன்றுக்கு இறங்கியது, எண் நிராகரிக்கப்பட்டது.

வெளியே வந்ததும் ஐரா என் தோளைத் தட்டினார். "பாத்தியா? காகிதம் பேசிடுச்சு."

"ஒரு வருஷம் தூங்கி எழுந்து பேசுது."

ஒரு வாரத்தில், தலைமை அலுவலகத்துக்கு வந்திருந்த ஹாலோவெல்லை மின்தூக்கியில் சந்தித்தேன். உயரமான மனிதர், கனிவான குரல். "மனசுல ஒண்ணும் வச்சுக்கலங்க. இதுக்குத்தானே இந்த ஏற்பாடெல்லாம்" என்று கைகொடுத்தார். டிசம்பரில்தான் விஷயம் தெரிந்தது. திறமையானவர் வேலையை விட்டுப் போய்விடாமல் இருக்க ஒரு தனிப்படி உண்டு. அதை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். போனஸ் இருந்தால் எவ்வளவோ, ஏறக்குறைய அதே தொகை. அது வேறு பை. அந்தப் பையைப் பார்க்க எங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அதை யார் பார்க்கிறார்கள் என்று ஐராவிடம் கேட்டேன். அவர் விதிப்புத்தகத்தை இரண்டு நாள் புரட்டிவிட்டு வந்து, "குடுக்கறவங்களே பார்த்துக்கறாங்க" என்றார்.

மறு எண்ணிக்கையை என் பிரிவிலேயே செய்தோம். முந்தின வருஷத்து ஆட்கள், இந்த வருஷத்து ஆட்கள் எல்லாம் சேர்த்து, இன்னும் முடிவாகாதவர்கள் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொன்றாகத் திறந்து பழைய தேதியைத் தட்டச்சு செய்ய வேண்டும். ஆளுக்கு நூறாகப் பிரித்தேன், நானும் நூறு எடுத்துக்கொண்டேன். பெயர், ஊர், தேதி. சேமி. அடுத்தது. பக்கத்து மேஜையில் யாரோ, "இவருக்குப் பதினாலு மாசம் முன்னாடி போகுதுப்பா!" என்று மகிழ்ந்து கத்தினார்கள். நானும் சிரித்தேன்.

என் நூறு முடிந்ததும் ஸ்டிதம் என்று தேடினேன். வந்தது. நான்கு எண், நான்கு தேதி. கடைசிக்கு நேரே முடிந்தது என்று இருந்தது. முதல் தேதியை எடுத்து, கடைசிக் கட்டத்தில் சுட்டியை வைத்து அழுத்தினேன். முடிந்த கோப்பில் அந்தக் கட்டம் சாம்பல் நிறமாகிவிடும், எழுத்தை ஏற்காது. முடிந்த கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது என்று அந்தப் பூட்டைப் போடச் சொன்னது யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். பிறகு, மேஜை காலியாகும் வரை மற்றவர்களின் பங்கிலிருந்து ஆளுக்குப் பத்தாக வாங்கிக்கொண்டு, பெயர், ஊர், தேதி என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.